இடது கன்னத்து மழை

நான் பிறந்த மறுநாள், பிள்ளை பார்க்க வந்த பெண்கள் என் இடது கன்னம் முழுக்கப் படர்ந்த மச்சத்துக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தபோதே அது பழுப்பிலிருந்து கருநீலமாக மாறியது என்றும், அடுத்த நாள் மாலைக்குள் மாசி மாதத்து வெறும் வானத்திலிருந்து மழை கொட்டி உப்பளத்தில் மூடாமல் கிடந்த அம்பாரங்கள் எல்லாம் கரைந்து ஓடின என்றும் கீழ உப்போடையில் சொல்வார்கள். அடுத்த முறை மச்சம் கறுத்தபோது, அளத்துக் கங்காணி சேர்மக்கனி அண்ணாச்சி எதற்கும் இருக்கட்டும் என்று உப்பைத் தார்ப்பாயால் மூடச் சொன்னார், மழை வந்தது. அதற்கு அடுத்த முறையும் மூடச் சொன்னார், வந்தது. அதற்குப் பிறகு யாரும் இதை வியந்து பேசியதாகத் தெரியவில்லை. ஊருக்குத் தெற்கே ஒரு கிணறு இருப்பதைப்போல, பஸ் திரும்பும் இடத்தில் ஒரு வளைவு இருப்பதைப்போல, தங்கபுஷ்பம் மகள் சுகிர்தாவின் கன்னத்தில் மழை இருந்தது.

உப்பு விளைவதைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உவர்த் தண்ணீரைப் பாத்தியில் கட்டி, வெயில் அதைக் குடித்துத் தீர்க்கும்வரை காத்திருந்து, அடியில் மிஞ்சியதைப் பலகையால் வாரிக் கரையில் குவிப்பார்கள். அந்தக் குவியல்தான் அம்பாரம். வேலையில் பாதி காத்திருப்பு. அந்தக் காத்திருப்பின் மேல் கொஞ்ச நேரம் மழை பெய்துவிட்டால் பாத்தி மறுபடி வெறும் தண்ணீராகிவிடும், வாரிய கைக்கு வலி மட்டும் மிஞ்சும். அதனால் அளத்திலிருந்து திரும்பும் பெண்கள் எங்கள் வாசல் வழியாகவே வீட்டுக்குப் போனார்கள். அம்மா என்னை வாசலில் நிறுத்தி, இரண்டு விரலால் தாடையைத் தூக்கி, மேற்கு வெளிச்சம் இடது கன்னத்தில் விழும்படி முகத்தைத் திருப்புவாள்.

"வெறும் பழுப்புதான்."

"காதுப் பக்கம் லேசாக் கறுக்குதே, மயினி."

"அது அழுக்குட்டி. தொடச்சுப் பாரு."

அம்மா சேலைத் தலைப்பால் துடைப்பாள். காதுப் பக்கம் கறுத்தால் வடக்கிலிருந்து மழை, மூக்குப் பக்கம் கறுத்தால் கடலிலிருந்து. ஓரங்களில் வியர்த்தால் பெருமழை. கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் கீற்றா தகரமா என்று முடிவு செய்வார். பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு நாள் குறிக்கும்போது தலைமையாசிரியை என்னை அழைத்து, "கொஞ்சம் திரும்பும்மா" என்பார். தீபாவளிக்கு அளத்து முதலாளி வீட்டிலிருந்து எனக்கு மட்டும் பாவாடைத் துணி வரும். எல்லாரும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்கள், அதைக் குறைத்துச் சொன்னால் பொய்யாகும்.

ஆனால் என் இடது கன்னத்தில் பவுடர் படக் கூடாது. மஞ்சள் கூடாது, எண்ணெய் கூடாது, கிறிஸ்துமஸுக்கு எல்லாப் பிள்ளைகளும் மாவில் விழுந்து எழுந்ததுபோல வெள்ளையாகக் கோயிலுக்குப் போகும்போது எனக்கு அம்மா வலது பக்கம் மட்டும் பவுடர் பூசி, மூக்கின் நடுவில் கோடு போட்டதுபோல நிறுத்திவிடுவாள். என் பள்ளிக்கூடப் புகைப்படங்களில் ஒரு பக்கம் பகலாகவும் ஒரு பக்கம் அந்தியாகவும் நான் நிற்கிறேன். ஊரில் என்னைப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை, என் கண்ணைப் பார்த்தவர் யார் என்று யோசித்தால் எனக்கு ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. பேசும்போது அவர்கள் பார்வை என் கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே, இடப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மாவின் பார்வையும்தான்.

இன்னொன்றும் இருந்தது, அதை நான் அப்போது யாரிடமும் சொன்னதில்லை. மழைக்கு முந்தின நாளே என் கன்னம் ஈரத்துணி வைத்ததுபோலக் குளிர்ந்துவிடும். ஆறாம் வகுப்பில் ஒரு மத்தியானம் மழை கொட்டி, மைதானத்தில் நின்ற பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு ஓடி, நனைந்து, சட்டையைப் பிழிந்து, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தபோது, காலையில் பளீரென்ற வெயிலில் அம்மா கொடுத்தனுப்பிய குடையைப் பிடித்துக்கொண்டு நான் தனியாக நின்றேன். அவர்களுக்கு மழை அப்போதுதான் வந்தது. எனக்கு அது முந்தின நாளே வந்து முடிந்திருந்தது. பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட நான் தெரியாமல் நனைந்ததில்லை.

எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பா உப்பு லாரியோடு கேரளாப் பக்கம் போய் அங்கேயே தங்கிவிட்டவர், அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். நான் புவியியல் படித்தேன். பருவக்காற்றைப் பற்றி நான்கு பக்கம் எழுதி மார்க் வாங்கும்போதெல்லாம், நான்கு பக்கமும் என் கன்னத்தைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும். படித்து முடித்ததும் மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பள்ளிப் பாடங்களை வீடியோவாக எடுத்து விற்கிறார்கள். பாடத்தை நான் எழுதுகிறேன், நான்தான் பேசுகிறேன். திரையில் தெரிவது தன்யா என்ற பெண். என் குரலுக்கு அவள் வாயசைப்பாள். நல்ல பெண், ஒவ்வொரு முறையும் படப்பிடிப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்து, "நீ எங்க மூச்சு விடுறன்னு கண்டுபிடிக்கிறதுதான்டி கஷ்டம்" என்பாள். மேலாளர் மரியாதையானவர். "உங்க குரலுக்கு ஈடே இல்ல, சுகிர்தா" என்றார். பிறகு, என் கன்னத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஸ்கிரீன்ல பிள்ளைங்க கவனம் சிதறிடும், அவ்வளவுதான்" என்றார். ஊரில் என் கன்னத்தை மட்டும் பார்த்தார்கள், இங்கே அதை மட்டும் பார்க்காமல் இருந்தார்கள்.

ஊருக்கு நான் தூரமாகிவிட்டதால் வழக்கம் நின்றுவிடவில்லை, போனுக்கு மாறியது. சேர்மக்கனி அண்ணாச்சி ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, அதற்கு 'நாளை' என்று பெயர் வைத்தார். மாலையில் விடுதி மொட்டைமாடியில் நின்று, இடது கன்னத்தைப் படமெடுத்து நான் அனுப்ப வேண்டும். மதுரையில் இருந்தாலும் என் கன்னம் கீழ உப்போடையின் மழையைத்தான் காட்டியது. மதுரை மழை என் கன்னத்தில் தெரியாமல்தான் வந்தது, ஆனால் வைகைக்கரையில் மேகம் திரளும்போதே எல்லாரும் ஓட ஆரம்பித்துவிடுவார்கள், அதுவும் எனக்குத் திடீர் மழையாக இருந்ததில்லை. அனுப்பிய படத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என் முகத்தை நானே பார்ப்பதென்பது அடுத்தவர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும்.

பங்குனியில் பழைய போன் உடைந்து, தவணையில் புதுப் போன் வாங்கினேன். அன்றைக்கு என் கன்னம் குளிர்ந்துதான் இருந்தது. வழக்கம்போல மாடியில் நின்று படமெடுத்து, பார்க்காமல், அனுப்பினேன். புதுப் போனில் முகத்தை வெண்மையாக்கி மாசுமருவை அழித்துவிடும் ஏற்பாடு தானாகவே ஓடிக்கொண்டிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் ஊரில் மழை பெய்தது. ஒரு அம்பாரமும் மூடியிருக்கவில்லை.

நான் அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் செய்தேன். மச்சம் கறுத்துத்தானே இருந்திருக்கும், படத்தில் யாருமே மழையைப் பார்க்கவில்லையா என்றேன்.

அம்மா, "யாரும் மழையப் பாக்கலட்டி" என்றாள்.

"என்னம்மா சொல்லுத?"

"படம் வந்துச்சுல்லா. ஒங்க அத்த பாக்கியத்தாய் மயினி போனைக் கையில வச்சுக்கிட்டு, இது யாரு பிள்ளன்னு கேட்டா. ஒம் மருமவதான்னு நான் சொன்னேன். அப்புறம் எல்லாரும் மாத்தி மாத்தி வாங்கிப் பாத்தோம். ஒனக்குக் கண்ணு எங்க அம்மைக்கு மாதிரி இருக்குட்டி. எனக்கு இவ்வளவு நாளாத் தெரியல. பாத்துக்கிட்டே இருந்தோம், மூடணும்கிற நெனப்பே யாருக்கும் வரல."

அந்தப் படத்தை அன்றைக்குத்தான் நான் திறந்து பார்த்தேன். மச்சமில்லாத ஒரு பெண் மொட்டைமாடியில் நின்றிருந்தாள். அவள் கண்கள் எனக்குத் தெரிந்தவைதான். அவள் என்னை நேராகப் பார்த்தாள், நான் நெடுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் இருக்கும் ஊருக்கு எந்த பஸ் போகும் என்று கேட்கத் தோன்றியது.

டாக்டர் ரஹ்மத் நிஷாவின் கிளினிக் அண்ணா நகரில், ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. பிளாஸ்டிக் சர்ஜரி என்று பலகையில் போட்டிருந்ததால், படியேறும்போது முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன். டாக்டருக்கு என் அம்மாவின் வயதிருக்கும். என் கன்னத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார், விரலால் அழுத்தினார், அளந்தார். படிப்பது வேறு, பார்ப்பது வேறு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் அதில் எதையும் படிக்கவில்லை. மழையைப் பற்றி நான் சொன்னபோது, எந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று குறித்துக்கொள்வதுபோலத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

"இதால உங்களுக்கு ஆபத்து ஒண்ணும் இல்லம்மா. எடுத்தே ஆகணும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். "எடுக்கணும்னா இப்படித்தான் செய்வோம். பக்கத்துல இருக்கிற நல்ல தோலுக்கு அடியில ஒரு சின்னப் பையை வைப்போம். வாரா வாரம் அதுக்குள்ள உப்புத் தண்ணி ஏத்துவோம். தோல் மெதுவா விரியும். சில மாசம் கன்னம் உப்பி, இப்ப இருக்கிறதைவிட மோசமா இருக்கும். பஸ்ல எல்லாரும் பார்ப்பாங்க. அப்புறம் மச்சத்தை வெட்டிட்டு விரிஞ்ச தோலை இழுத்துத் தைப்போம். தழும்பு இருக்கும். போன்ல பார்த்த முகம் கிடைக்காது. தழும்பு உள்ள ஒரு முகம் கிடைக்கும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது."

நான் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பரீட்சைக்குப் படிப்பதுபோல.

"யாருக்காக எடுக்கணும்?" என்று கேட்டார்.

"எனக்காகத்தான், டாக்டர்."

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. ஆபீஸ்ல அப்பவும் வேற பொண்ணைத்தான் திரையில நிறுத்தினாங்கன்னா? ஊர்ல அப்பவும் யாரும் கண்ணைப் பார்க்கலைன்னா? அதுக்கப்புறமும் இது வேணுமா?"

ஆமாம் என்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"ஒரு மாசம் போட்டோ அனுப்பாதீங்க" என்றார் டாக்டர். "யாருக்கும் கன்னத்தைக் காட்ட வேண்டாம். ஒரு மாசம் கழிச்சு என்ன மிஞ்சுதோ அதோட வாங்க."

அவர் உப்பளத்தையே பார்த்திராதவர். ஆனாலும் எனக்குப் பாத்தி நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மாவிடம் மட்டும் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் கீழ உப்போடையில் என் கன்னத்தைப் பற்றி ஒருவரிடம் மட்டும் சொல்ல முடியாது. சாயங்காலம் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி நிழலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அது அந்தப் பிள்ள கன்னம். நாம சொல்ல என்ன இருக்கு" என்றார் சேர்மக்கனி அண்ணாச்சி.

"கன்னம் அவ கன்னம்தான் அண்ணாச்சி. மழை யாரு மழை?" என்றாள் பாக்கியத்தாய் அத்தை. அம்மாவோடு ஒரே பாத்தியில் உப்பு வாருகிறவள், அப்பாவின் அக்கா.

லாரிக்கார செல்வின், போனைத் தூக்கிக் காட்டி, "இதுல போடுதான் பெரியம்மா. நாளைக்கு நாப்பது சதவீதம் மழையாம்" என்றான்.

"நாப்பது சதவீதம்னா என்னல செய்ய? நாப்பது சதவீத உப்ப மூடிட்டு மிச்சத்தத் திறந்து போடவா?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு ஆபரேஷன் எப்படிச் செய்வார்கள் என்று கேட்டார்கள். பையில் உப்புத் தண்ணீர் ஏற்றுவதைச் சொன்னபோது கூட்டத்தில் ஒரு அசைவு ஏற்பட்டது.

"உப்புத் தண்ணியா?"

"ஆமா அத்த."

"நம்ம உப்பா?"

"ஆஸ்பத்திரி உப்பு அத்த."

"உப்புல என்னட்டி ஆஸ்பத்திரி உப்பு. எல்லாம் இங்கருந்து லாரியில போறதுதான." அவள் மற்றவர்களைப் பார்த்து, ஏதோ ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்ததைப்போலத் தலையாட்டினாள். உப்பைக்கொண்டு செய்கிற காரியம் முற்றிலும் அந்நியமான காரியமாக இருக்க முடியாது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிறகு, நெருங்கி வந்து, கடன் கேட்கிறவளின் கூச்சத்தோடு தணிந்த குரலில், "காதுக்குக் கீழ ஒரு துண்டு மட்டும் விட்டு வைக்க முடியுமான்னு டாக்டரக் கேளு, மக்கா. முடிக்குள்ள மறைஞ்சிரும். வேணும்கிறப்ப ஒதுக்கிக் காட்டினாப் போதும்" என்றாள்.

கேட்கிறேன் என்றேன். அம்மா தார்ப்பாயின் கிழிந்த ஓரத்தைச் சாக்கு ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதம் நீண்டது. 'நாளை' குழுவில் நான் படம் அனுப்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவர்கள் தினமும் மாலையில் எல்லா அம்பாரத்தையும் மூடி, தினமும் காலையில் திறக்கிறார்கள் என்று பாக்கியத்தாய் அத்தை போனில் சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை, ஊரில் யாருக்கோ பிள்ளை பிறந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். எதிர்பாராத மழை ஒருமுறை வந்து பாத்தியைக் கெடுத்தது, அதற்குப் பிறகு ஊர் மெதுவாக வேறு இடங்களில் தேடத் தொடங்கியது. ஒருத்தி எறும்பைப் பார்த்தாள், ஒருவர் தன் முழங்கால் வலியைச் சொன்னார், செல்வின் சதவீதத்தைச் சொன்னான், மூன்றும் ஒத்துப்போனால் மூடினார்கள், ஒத்துப்போகாவிட்டால் சண்டை போட்டுக்கொண்டே மூடினார்கள்.

எனக்குத்தான் பொழுது போகவில்லை. மாலையானால் கால் தானாக மாடிக்குப் போயிற்று. அங்கே நின்றுகொண்டு, இவ்வளவு காலமும் வெறுத்ததாக நினைத்த ஒன்றுக்காக, யாராவது கொஞ்சம் திரும்பும்மா என்று சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தேன். நான் வேண்டியிருந்த ஊர் நான் இல்லாமலும் இருந்துகொள்ளும் என்பது நிம்மதியாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அது பசிபோல இருந்தது.

அப்படி ஒரு மாலையில் அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். அவளுக்கு வீடியோ போடத் தெரியாது, செல்வின் போட்டுக் கொடுத்திருந்தான். திரையில் பாதி நெற்றியும் பின்னால் வெள்ளையாக உப்பும் தெரிந்தது.

"ஏட்டி, முகத்தக் காட்டு."

மழை தெரியாமல் ஊரால் தாங்க முடியவில்லை, அம்மாவை அனுப்பிக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, மகிழ்ச்சியாகவும் இருந்தது. முகத்தை வலப்பக்கம் திருப்பி, இடது கன்னத்தை வெளிச்சத்தில் காட்டினேன்.

"அத இல்ல" என்றாள் அம்மா. "நேராப் பாரு."

திரும்பினேன். அவள் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள், திரை முழுக்க அவள் ஒற்றைக் கண் வந்தது, ஓரத்தில் உப்புக் காற்றில் சிவந்த கண். அது ஒரு விரற்கடை கீழே இறங்கவில்லை.

"கண்ணு உள்ள போயிருக்கு. தின்னியா இல்லையா?"

"தின்னேன்மா."

"பொய் சொல்லாத. என்ன தின்ன?"

இட்லி என்றேன். எத்தனை, தொட்டுக்கொள்ள என்ன, ஏன் அவ்வளவுதான் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் பின்னால் வானம் இருண்டு அம்பாரங்களை யாரோ மூடும் சத்தம் கேட்டது. மச்சத்தை எடுத்துக்கொள் என்றோ எடுக்க வேண்டாம் என்றோ அவள் சொல்லவில்லை. வைக்கும்போது மட்டும், "மழையப் பத்தி நீ கவலப்படாத. ஒனக்கு முன்னாலயும் மழை பெஞ்சுதான் இருந்துச்சு" என்றாள்.

அம்மா என் கண்ணைப் பார்த்துவிட்டாள், மச்சம் இருக்கும்போதே. அப்படியானால் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி இந்த ஆசை வற்றிவிடும் என்று அன்று படுக்கும்போது நினைத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் அது வற்றவில்லை. ஆபீஸ், தன்யா, போனில் பார்த்த பெண், ஊர்க்காரர்களின் பார்வை, ஒவ்வொன்றாக வெயில் குடித்துப் போன பிறகும் அடியில் ஒன்று, வெள்ளையாக, கையில் அள்ளிப் பார்க்கும்படி, மிஞ்சிக் கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"என்னம்மா மிஞ்சுச்சு?"

"எனக்குத் தெரியாம ஒரு மழையில நனையணும், டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அழகா இருக்கணும்னு வருவாங்க. கல்யாணத்துக்குன்னு வருவாங்க. இது புதுசா இருக்கு."

"தழும்பு இருந்தாப் பரவால்ல. ஆபீஸ்ல மாறலைன்னாலும் பரவால்ல." அத்தை கேட்டதையும் சொன்னேன்.

"காதுக்குக் கீழ ஒரு துண்டுதான? விடலாம். வெட்டுற கோட்டை நான் எங்க வேணும்னாலும் போடுவேன். எங்க போடணும்னு நீங்கதான் சொல்லணும்."

காதுக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஒரு சிறு துண்டு. அம்மாவின் முதுகு எத்தனையோ முறை வீணாக வளையாமல் இருக்கும். அந்தத் துண்டு என்றைக்கும் முந்தின நாளே குளிரும். பயமாக இருந்தது. எப்போதும் எல்லாரும் சரி என்று சொன்ன பிறகே ஒன்றைச் செய்து பழகியவள் நான், விண்ணப்பப் படிவத்தில் பெயரெழுதக்கூட இருமுறை கேட்பேன்.

"முழுசா எடுத்திருங்க" என்றேன்.

ஆபரேஷனை ஐப்பசியில் வைத்துக்கொள்ளச் சொன்னது ஊர்தான். மழைக்காலத்தில் அளம் மூடிக்கிடக்கும், மழை வருமா என்று யாரும் கேட்கப் போவதில்லை, அந்த நேரத்தில் மச்சம் இருந்து என்ன இல்லாமல் என்ன என்றார் சேர்மக்கனி அண்ணாச்சி. நான் புறப்படுவதற்கு முந்தின மாலை, பெண்கள் ஒவ்வொருவராக எங்கள் வாசலுக்கு வந்தார்கள். மச்சம் கருநீலமாக, ஓரங்கள் வியர்த்து, இதுவரை இல்லாத அளவுக்குக் கறுத்திருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை. ஊருக்குப் போகிற ஆளை வழியனுப்புவதுபோல ஒருமுறை புறங்கையால் தொட்டுவிட்டு, பிறகு என் கண்ணைப் பார்த்து, வாரேன்ட்டி என்று சொல்லிப் போனார்கள். பாக்கியத்தாய் அத்தை மட்டும் தொடவில்லை. "ஒரு துண்டு கேட்டது தப்புதான், மக்கா. மனசுல வச்சுக்காத" என்றாள். தப்பில்லை அத்தை என்றேன். மறுநாள் விடியலில் பெய்த மழையில் ஓடைப்பாலம் மூழ்கி, என்னால் மத்தியானம்தான் மதுரைக்குப் போக முடிந்தது.

டாக்டர் சொன்னதெல்லாம் நடந்தது. கன்னம் பலாக்கொட்டைபோல உப்பியது, பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள், உப்புத் தண்ணீர் ஏறும் நாட்களில் தோல் வெடிப்பதுபோல வலித்தது, ஓரிருமுறை எதற்காக இதைச் செய்துகொண்டேன் என்று விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கட்டுப் பிரித்தபோது கண்ணுக்குக் கீழிருந்து காதுவரை ஒரு கோடு இருந்தது, சிவப்பாக, தடிப்பாக. ஆபீஸில் எல்லாரும் கை குலுக்கினார்கள். பிள்ளைகளுக்குத் தன்யாவின் முகம் பழகிவிட்டது, இனி மாற்றினால் நன்றாக இருக்காது என்று மேலாளர் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். தன்யா இப்போதும் என் மூச்சைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

சித்திரையில் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். காலையில் அம்மா என்னைக் கதவருகே நிறுத்தி, தாடையைத் தூக்கி, பழக்கத்தில் வலப்பக்கம் திருப்பி, பிறகு நினைவு வந்தவளாக நேராகத் திருப்பினாள். பவுடர் டப்பாவை எடுத்தாள். வலது கன்னத்தில் பூசினாள். மூக்கின் நடுவில் கை நின்றது. பிறகு அந்தக் கோட்டைத் தாண்டி, தழும்பின் மேல் விரல் படாததுபோலப் பட்டு, இடது கன்னம் முழுக்கப் பூசினாள், காதுவரைக்கும், தேவைக்கு அதிகமாக.

மத்தியானம் அவளுக்குச் சோறு எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனேன். வெயில் பாத்திகளில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது, வானம் வெறிச்சென்று கிடந்தது, எறும்புகூட ஒன்றும் சொல்லவில்லை, செல்வினின் போன் பத்து சதவீதம் என்றது. புதிதாக வாரிய அம்பாரம் கரையில் திறந்து கிடந்தது. அம்மா தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன், என்னவென்று நினைவில்லை, அப்போது என் கழுத்தில் ஏதோ விழுந்தது. கையில் விழுந்தது. பாத்தித் தண்ணீரில் வட்டம் வட்டமாக விழுந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் அண்ணாந்து பார்ப்பதற்குள் முகம் முழுக்க அடித்தது.

கடலுக்கு மேலிருந்து ஒரு மேகம் எங்களைக் கேட்காமல் வந்துவிட்டிருந்தது. பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அம்மா தூக்குச்சட்டியை அப்படியே போட்டுவிட்டுத் தார்ப்பாயின் ஒரு நுனியைப் பிடித்தாள், மறுநுனியை நான் பிடித்தேன், காற்று அதைப் பிடுங்கியது, நாங்கள் வழுக்கி விழுந்து எழுந்து இழுத்தோம். எங்கள் காலடியில் அம்பாரத்தின் ஓரம் கரைந்து, காலையிலிருந்து அம்மா வாரியதெல்லாம் பாலாக ஓடிப் பாத்திக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, எதை நிறுத்துவதென்று தெரியவில்லை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கண்ணுக்குள் தண்ணீர் போய்க் கரித்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எதற்காக அப்படிக் கத்தினார்கள் என்று இப்போது எனக்குத் தெரிந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதாட்டி" என்று அம்மா பழைய பழக்கத்தில் மழைக்குள்ளிருந்து கத்தினாள்.

"எனக்குத் தெரியாதும்மா."

அம்மா தார்ப்பாயைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். என் முகத்தில் பவுடர் இரண்டு பக்கமும் ஒரேபோல வழிந்துகொண்டிருந்தது. தழும்பு வெளியே வந்திருக்க வேண்டும். அவள் நனைந்த சேலைத் தலைப்பால் என் கன்னத்தைத் துடைத்தாள், துடைத்துவிட்டு, என்னையே பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

"எனக்குத் தெரியாது."